மிஸ்கீனுக்கு ஈதர் கொடுத்தபோது

முதலில் எச்சில்தான் ஒழுகியது. சமையலறை வாசலில் படுத்திருந்த மிஸ்கீனின் தாடைக்குக் கீழே தரை நனைந்து கிடந்தது. பல்லி, பூரான் எதையாவது கவ்வியிருக்கும், வாய் கசக்கிறது போல என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அம்மா மீன் தலையைச் சோற்றோடு பிசைந்து வைத்துக் கூப்பிட்டாள். ஓடித்தான் வந்தது. மோந்து பார்த்து வாயைத் திறந்ததும் யாரோ அடித்தமாதிரி பின்னால் துள்ளி, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பூனைக் குரலாகவே இல்லை.

"சபுரா, இங்க வந்து பாரு புள்ளே. இதுக்கு என்னமோ ஆயிப்போச்சு," என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நாங்கள் அப்போது பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தேவையான கயிறு, மணி, மூக்கணாங்கயிறு எல்லாம் விற்பவர். வேலந்தாவளம் சந்தை கூடுகிற நாளில் விடியும் முன்பே மூட்டையோடு கிளம்பிவிடுவார். நான் வீட்டில் மிஷினில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். அக்கா மைமூன் மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு அம்மா எங்களோடு வந்து தங்கிவிட்டாள். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தப் பூனையும் கொண்டுவந்தாள்.

பூனை அக்காவுடையது. எங்கிருந்தோ நனைந்து வந்து அவள் வீட்டுச் சமையலறையில் நின்றபோது, "இது மிஸ்கீன்மா, பாவப்பட்டது, இருந்துட்டுப் போவட்டும்" என்று பால் ஊற்றியிருக்கிறாள். அந்தப் பேரே நின்றுவிட்டது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் வளர்த்தது என்று சொல்ல இது ஒன்றுதான் மிச்சம். அம்மா அதைக் கொஞ்சியெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆனால் அது சாப்பிடாமல் அவள் சாப்பிட உட்காரமாட்டாள்.

மறுநாள் காலை தைக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பஞ்சு உருண்டையில் குத்தி வைத்திருந்த கைத்தையல் ஊசியைக் காணோம். சிவப்பு நூல் கோத்து வைத்திருந்தேன். மிஷினுக்கு அடியில், பாய்க்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலில் எல்லாம் தேடினோம். பூனைக்கு நூலைக் கண்டால் விளையாட்டு. நூல் வாய்க்குள் போனால் அதன் நாக்கு முள் திருப்பித் துப்ப விடாது, உள்ளேதான் தள்ளும். இதை எனக்குப் பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மிஸ்கீன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதும் கண் குழி விழுந்துவிட்டது என்பதும்தான்.

"சித்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்," என்றார் வீட்டுக்காரர். "அந்த டாக்டரை எனக்குத் தெரியும். கோமாரி வந்தா சந்தைக்கு வருவாரு. நல்ல மனுசன்."

"பூனையைப் பாப்பாங்களா மாப்ளே?" என்று அம்மா கேட்டாள்.

"கேட்டுப் பாப்போம் மாமி. போயி நின்னா வெரட்டவா போறாங்க?"

மூடுகூடையில் வைத்து, மேலே துணி கட்டி, பஸ் ஏறினோம். அம்மா துப்பட்டிக்குள் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக, பாலில் நனைத்த பஞ்சை அதன் கடைவாயில் பிழிந்தபடி வந்தாள். பாதிக்குமேல் கூடையில்தான் வழிந்தது.

மாட்டாஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, முன்னால் வேப்பமரம், மரத்தடியில் மாடுகளை நிறுத்திக் கட்ட மரச்சட்டம். அன்று ஒரு எருமையும் இரண்டு ஆடும் நின்றன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர் ஒருவர் எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க அது, கோழியா?"

"பூனைங்க," என்றார் வீட்டுக்காரர்.

"பூனைக்குமா வைத்தியம்!" என்று சிரித்தார். அம்மா துணியை விலக்கினாள். மிஸ்கீன் வாயை மூட முடியாமல், எச்சில் நூல்நூலாகத் தொங்க, அவரையே பார்த்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அட பாவமே. நீங்க மொதல்ல போங்க. எங்குளுது நிக்கும்," என்று வழிவிட்டார்.

டாக்டர் பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். நடுவயது, மெலிந்த கை. மிஸ்கீனைச் சாக்கில் கழுத்துவரை சுற்றச் சொன்னார். கம்பவுண்டர் மேல்தாடையில் ஒரு நாடாவும் கீழ்த்தாடையில் ஒரு நாடாவும் மாட்டி இழுத்துப் பிடிக்க, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நொடிதான். சாக்குக்குள்ளிருந்து அது திமிறிய வேகத்தில் கம்பவுண்டரின் விரலில் ரத்தம் வந்துவிட்டது.

"கண்டேன்," என்றார் டாக்டர். "நாக்குக்கு அடி வேர்ல சிவப்பா ஒரு நூல். ஊசி பின்னாடி சதைக்குள்ள ஏறியிருக்கு. இப்படி முழிச்சிருக்கும்போது தொட்டா இன்னும் உள்ள போகும். மயக்கணும்."

மயக்கணும் என்ற சொல் விழுந்ததும் அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆப்ரேஷன் என்று உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது மைய்யத்துதான். "குளோரோபார்ம் கொடுத்தோம். தாங்கலை." அந்த இரண்டு வாக்கியத்துக்குமேல் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. குளோரோபார்ம் என்றால் என்ன, தாங்கலை என்றால் என்ன ஆயிற்று என்று கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மயக்க மருந்து என்பது சாவுக்கு இன்னொரு பேர்.

"மயக்காம எடுக்க முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"முடியாது. எடுக்காம விட்டா பட்டினியில போகும். இல்லேன்னா சீழ் வச்சுப் போகும்." அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். அடுத்து எருமை காத்திருந்தது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேடிக்க வேண்டாம் உம்மா, பயம் வேண்டாம். என்ன செய்யப் போறேன்னு நான் சொல்லித் தரேன். கேட்டுட்டு வேணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

அன்று அவர் சொன்னதை என்னால் ஏறக்குறைய அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். ஏனென்றால் அதற்குமுன் எந்த டாக்டரும் எங்களிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

"மயக்கம்னா உறக்கம் இல்லை. உறங்கற பூனையைத் தொட்டா எழுந்துக்கும். இது கிணத்துல படி இறங்கற மாதிரி. முதல் படியில வலி மங்கும். ரெண்டாவது படியில நினைவு போகும், ஆனா உடம்பு அடங்காது, அப்பத்தான் ரொம்பத் திமிறும். பார்க்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும், அதுக்குத் தெரியாது. மூணாவது படியில கை கால் தளர்ந்து, மூச்சு மட்டும் சீரா நடக்கும். அங்கதான் வேலை. அதுக்கும் கீழ இறங்கினா மூச்சு நிக்கும், பின்ன நெஞ்சும் நிக்கும். மூணாவது படியில நிறுத்திப் பிடிக்கிறதுதான் எங்க காரியம் முழுக்க."

"குளோரோபார்மா?" என்று அம்மா கேட்டாள். அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரியாகச் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லை. பூனைக்கு அது கூடாது. சீக்கிரம் மயங்கும். ஆனா முதல் சில மூச்சிலேயே நெஞ்சு நின்னுபோறது உண்டு, முன்னறிவிப்பே இல்லாம. நாய்க்குப் போடற மார்ஃபியா ஊசியும் பூனைக்கு ஆகாது, வெறி பிடிச்ச மாதிரி ஓடும். ஈதர் கொடுப்பேன். மெல்லத்தான் ஏறும், நாத்தம், எச்சில் ஊறும். எச்சிலை நிறுத்த முன்னாடியே அட்ரோபின்னு ஒரு ஊசி போடுவேன். ஈதர் தப்பு செஞ்சா முதல்ல மூச்சைத்தான் நிறுத்தும். நெஞ்சு அப்புறம்தான். திருப்பிக் கொண்டுவர நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்."

"அப்ப இப்பவே செய்யுங்க," என்றார் வீட்டுக்காரர்.

"கடைசியா என்ன கொடுத்தீங்க?"

"பாலு," என்றாள் அம்மா. "பஸ்ஸுலகூட நனைச்சு நனைச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்படின்னா இன்னிக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில கொண்டுவாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் கொடுக்கக் கூடாது."

"பசியோட எப்படி...?"

"மயக்கத்துல தொண்டைக் கதவுக்குக் காவல் கிடையாது உம்மா. நமக்கு ஒரு பருக்கை புரையேறினாலே இருமித் தள்ளுறோம். மயங்கினா இருமத் தெரியாது. வயித்துல இருக்கிறது மேல வந்தா நேரா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

அம்மா மிஸ்கீனின் எச்சிலைத் துடைத்துவிட்டாள். பிறகு, "கஞ்சித் தண்ணியா இருந்தாலுமா?" என்றாள்.

"எதுவா இருந்தாலும்."

அவள் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பால் பஞ்சைக் கையில் எடுக்கவில்லை. வீட்டில் மிஸ்கீனின் கூடையைத் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பால் சட்டியைத் தானே எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பயத்தினால் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் பயம்தான். ஒரு பூனைக்காக இவ்வளவு பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் சந்தை நாள். வீட்டுக்காரர் எங்களைச் சித்தூரில் இறக்கி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, கடை போட வேலந்தாவளம் போய்விட்டார். அட்ரோபின் ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்று எங்களை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கம்பவுண்டர் மரத்தடியில் போய், "ஆரும் பீடி கத்திக்கருது, பத்தவைக்காதீங்க! ஈதர் திறக்கறோம், பத்திக்கும்!" என்று கத்திவிட்டு வந்தார். கத்தி, இடுக்கி எல்லாம் வேகவைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைத்து வெளியே கொண்டுவந்து தள்ளி வைத்தார்கள்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். என் பக்கம் திரும்பாமல், எதிரே கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில மைமூன் பசிக்குதும்மான்னு சொன்னா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"நர்சு ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருந்தா. ஏன்னு சொல்லல. கத்தி வைக்கப் போற புள்ளைய வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது? நீ தண்ணி புடிக்கப் போயிருந்தே. செம்புல கஞ்சி இருந்துச்சு. அரை டம்ளர் ஊத்திக் குடுத்தேன். குடிச்சிட்டு வாயத் தொடச்சுக்கிட்டா. சிரிச்சா."

நான் அவள் கையைத் தேடினேன். அவள் கொடுக்கவில்லை.

"அல்லா நாடினதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்துத்தானே தெரிஞ்சுது," என்றாள்.

 இல்லம்மா, அப்படி இருக்காது என்று சொல்லலாம். ஆனால் எப்படி இருக்காது? டாக்டர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். கம்பவுண்டர் வந்து, "பூனையைப் பிடிக்க ஒராள் வரணும். பரிச்சயமான கை வேணும்," என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேஜைமேல் கண்ணாடி மூடி போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. நெல்லியாம்பதி எஸ்டேட்டிலிருந்து சின்ன ஜாதி நாய்களைக் கொண்டுவருவார்களாம், அதற்காக டாக்டர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. மிஸ்கீனை உள்ளே விட்டு, ஈதர் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் கம்பிவலைக்குப் பின்னால் வைத்து மூடினார். அழுகின பழத்தோடு ஸ்பிரிட் கலந்தமாதிரி ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. டாக்டர் எல்லாச் சன்னலையும் திறந்து வைத்திருந்தார்.

முதலில் அது மூலை மூலையாக மோந்தது. பிறகு மூடியை முட்டியது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வெளியே கேட்கவில்லை. அப்புறம் உருண்டு, காலால் உதைத்து, சுவரைப் பிறாண்டியது. என்னால் பார்க்க முடியவில்லை.

"ரெண்டாவது படி," என்றார் டாக்டர் மெதுவாக. "அதுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. கண்டிப்பா தெரியாது."

அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? அவளும் உதைத்திருப்பாளா? அவளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காதா? இந்தக் கேள்வியெல்லாம் அந்த அறையில் நின்றபோது எனக்குள் வந்தது. இரண்டு வருஷமாக, அக்காவை உள்ளே கொண்டுபோய் மூடிய கதவைத்தான் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது உள்ளே நிற்கிறேன்.

மிஸ்கீன் சாய்ந்தது. டாக்டர் அதை வெளியே எடுத்து மேஜையில் கிடத்தினார். கண் திறந்தே இருந்தது. மயங்கின பூனை கண்ணை மூடாதாம். காய்ந்து போகாமல் இருக்க இரண்டு கண்ணிலும் சொட்டு விளக்கெண்ணெய் விட்டார். விரல் நுனியால் கண்ணோரத்தைத் தொட்டார். இமை துடித்தது. மெல்லிய துணி சுற்றிய கூம்பு ஒன்றை மூக்கில் வைத்து, அதன்மேல் இன்னும் சில சொட்டு ஈதர் விட்டார். மறுபடி தொட்டார். துடிக்கவில்லை. கால் விரலைக் கிள்ளினார். கால் இழுக்கவில்லை.

"வயித்துல கை வச்சுக்கோ," என்றார் என்னிடம். "மூச்சு ஏறி இறங்குதா? அதை மட்டும் பாரு. வித்தியாசம் தெரிஞ்சா சொல்லு."

வாயில் வேலை என்பதால் கூம்பை எடுத்துவிட்டுத்தான் கை விட முடியும். எடுத்தால் பூனை மெல்ல மேலே ஏறி வரும். அந்த இடைவெளியில் வேலை செய்துவிட்டு, மறுபடி கூம்பு. முதல் தடவை நூலைப் பிடித்துப் பின்தொடர்ந்து போனார், ஊசியின் காது தெரிந்தது. இழுத்தால் கிழியும், நுனி எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும் என்றார். மிஸ்கீனின் கால் அசைந்தது. கூம்பை வைத்தார். இரண்டாவது தடவை சதையைக் கொஞ்சம் கீறினார். ரத்தத்தோடு சீழும் வந்தது. கம்பவுண்டர் துடைத்தார்.

என் உள்ளங்கைக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நின்றது.

"டாக்டர், நின்னுபோச்சு!"

அவர் பதறவில்லை. கூம்பைத் தூக்கி எறிந்தார். நாக்கைத் துணியால் பிடித்து முழுக்க வெளியே இழுத்தார். அது நாவல்பழம் தின்ற நாக்குமாதிரி நீலமாக இருந்தது. தலையை மேஜை விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டு, விலாவின்மேல் கையை வைத்து அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். கம்பவுண்டர் நெஞ்சில் காதை வைத்து, "நெஞ்சு இருக்கு சார்," என்றார். நான் பிஸ்மி சொன்னேனா, அக்கா பேரைச் சொன்னேனா என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அழுத்தினார், விட்டார். வெளியே எருமை ஒன்று கத்தியது.

ஒரு விக்கல்மாதிரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அப்புறம் மூச்சு தானே நடக்கத் தொடங்கியது. நாக்கின் ஓரத்திலிருந்து சிவப்பு திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"நாலாவது படியில கால் வச்சிட்டது," என்றார். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. இடுக்கியைக் கையில் எடுத்தார். "இனி ஈதர் வேண்டாம். இருக்கிற மயக்கத்துலயே எடுக்கிறேன்." இரண்டு விரலால் சதையை வெளியிலிருந்து தள்ளி, நுனியை எதிர்ப்பக்கம் வரவழைத்து, ஒரே இழுப்பு. தட்டில் ஊசி விழுந்த சத்தம் கேட்டது. கறுத்துப் போயிருந்தது. என் ஊசிதான்.

நான் வெளியே வந்தேன். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து நபிமேல் சலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். கவுண்டரும் அன்று மறுபடி எருமையைக் கொண்டுவந்திருந்தார். அவர்தான் முதலில் கேட்டார்.

"என்னாச்சுங்கம்மிணி?"

"எடுத்தாச்சுங்க. உயிரோட இருக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே வந்தாள்.

மயக்கம் தெளிகிறதுதான் பாதிக் கண்டம் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், எச்சில் வெளியே வடியத் தலை தாழ இருக்க வேண்டும். உடம்பு சில்லிட்டுப் போகும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும், தோலில் படாமல். தானே எழுந்து நிற்கிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. அம்மா துப்பட்டியைக் கழற்றி அதற்கு விரித்தாள். சாயங்காலம் அது தலையைத் தூக்கியது, கள் குடித்தவன்போல நாலு காலும் நாலு பக்கம் போக நடந்தது, சுவரில் முட்டி உட்கார்ந்தது. கம்பவுண்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

தொண்டையில் சீழ் இருந்ததால் சில நாள் அங்கேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. பென்சிலின் அப்போதுதான் புதிதாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது, மாட்டாஸ்பத்திரியில் இல்லை. வீட்டுக்காரர் பாலக்காட்டுக் கடை ஒன்றில் சொல்லிவைத்து வாங்கி வந்தார். ஒரு பூனைக்கா என்று கேட்ட கடைக்காரரிடம், "எங்க மாமிக்கு," என்று சொன்னாராம். பொய்யும் இல்லை.

தினமும் காலை பஸ்ஸில் போவோம், மாலை திரும்புவோம். ஊசி போடும்போது நான் பிடிப்பேன். அம்மா வடிகட்டின மீன் சாற்றைக் கரண்டியால் நாக்கோரத்தில் விடுவாள். "கொடுக்கலாங்களா?" என்று டாக்டரைக் கேட்காமல் ஒரு துளி விடமாட்டாள்.  வீட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பூனை பிழைத்துக்கொண்டது. அம்மாதான் கண்முன்னால் வற்றிக்கொண்டிருந்தாள். இதை வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. சொல்வது என் உரிமை இல்லை என்று பட்டது.

கடைசி நாள், மிஸ்கீனைக் கூடையில் வைத்துக் கட்டிய பிறகு, அம்மா டாக்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"டாக்டரே, ஒண்ணு கேக்கணும். பூனையப் பத்தி இல்ல."

"சொல்லுங்க உம்மா."

"ஒரு பொம்பளப் புள்ள. ஆப்ரேசனுக்குக் கொண்டு போறாங்க. அன்னைக்குக் காலையில அரை டம்ளர் கஞ்சி குடிச்சிருக்கு. குளோரோபார்ம் குடுத்தாங்களாம். உள்ளயே போயிருச்சு." குரல் தட்டையாக இருந்தது. "அந்தக் கஞ்சிதானா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யாருடைய பெண் என்று கேட்கவில்லை.

"நான் மிருகங்களுக்கு டாக்டர். மனுசங்க காரியம் உறுதியாச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனா ஒண்ணு கேட்கிறேன். உள்ள கொண்டுபோய் எவ்வளவு நேரத்துல சொன்னாங்க?"

"கதவு மூடுனதுதான் தெரியும்," என்று நான் சொன்னேன். "அம்மா அப்பத்தான் தொழுகைக்கு விரிப்பு விரிச்சாங்க. முடிக்கறதுக்குள்ள டாக்டர் வெளிய வந்துட்டாரு. உடம்புல கத்தி வச்ச தடமே இல்லீங்க."

"சரி. அடக்கறதுக்கு முன்னால அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டினது யாரு?"

"நான்," என்றாள் அம்மா.

"வாய் கழுவியிருப்பீங்க. மூக்கு."

"கழுவுனேன். பல்லு, நாக்கு, மூக்கு எல்லாம் பஞ்சு வச்சுத் தொடச்சேன்."

"என்ன இருந்தது?"

அம்மா கண்ணை மூடினாள். அவள் கைகள் மேஜை விளிம்பில் இருந்தன. இப்போதும் அந்தக் கைகள் எதையோ துடைப்பதுபோல லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்துச்சு. முடியில, துணியில... எதுலயும் இல்ல. அந்த மருந்து வாடைதான். கஞ்சி வாடை இல்ல."

"கஞ்சி மேல வந்து மூச்சு அடைச்சிருந்தா, அங்க தெரிஞ்சிருக்கும் உம்மா. வாந்தி, நுரை, ஏதாவது. எல்லாச் சமயமும் தெரியும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு சுத்தமா போறது குளோரோபார்ம்ல நெஞ்சு நின்னாத்தான். வெறும் வயித்தோட போனவங்களுக்கும் அப்படி ஆகியிருக்கு. அதுக்காகத்தான் நான் பூனைக்கு அதைத் தொடறதில்லை." கொஞ்சம் நிறுத்தி, "வெறும் வயித்தோட இருக்கணும்னு சொன்னவங்க ஏன்னும் சொல்லியிருக்கணும்," என்றார்.

அம்மா அப்படியே நின்றாள். பிறகு அந்த அறையின் நடுவில், கம்பவுண்டரும் வாசலில் நின்றவர்களும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாதவள். என் கையை இப்போது அவளே பிடித்துக்கொண்டாள். டாக்டர் எழுந்து சன்னலோரம் போய் நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. "தெரியாமத்தான் குடுத்தேன், ஆனா குடுத்தேனே," என்று பிறகும் சில தடவை சொன்னாள். ஆனால் சாப்பிட உட்கார்ந்தாள். அக்கா பேரைச் சொல்லிப் பேசத் தொடங்கினாள்: அவள் எப்படிக் கோலிக்குண்டு விளையாடுவாள், எப்படிப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வாள் என்றெல்லாம். மிஸ்கீன் குரல் கொஞ்சம் கரகரப்பாகவே நின்றுவிட்டது. அதோடு பல வருஷம் இருந்தது.

பிறகொரு சமயம் நான் பிரசவத்துக்காகப் பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் வேலந்தாவளத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வயிற்று ஆப்ரேஷனுக்கு வந்திருந்தாள். காலையில் அவள் தாய் தூக்குவாளியைத் திறந்து இட்லியைப் பிட்டாள். நர்ஸ் அந்தப் பக்கம் போயிருந்தாள்.

அம்மா என் கட்டிலிலிருந்து எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. குடுக்காதீங்க."

"ஏனுங்கம்மா, நேத்துப் புடிச்சு புள்ளை பட்டினியாக் கெடக்குது. அரை இட்லி தின்னா என்னங்க ஆயிரப் போவுது?"

அம்மா அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மயக்கம் என்பது உறக்கம் இல்லை என்று ஆரம்பித்தாள். கிணற்றுப் படி, தொண்டைக் கதவு, இருமத் தெரியாத உடம்பு, எல்லாவற்றையும் அவசரப்படாமல் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கும் சொன்னாள்: முதலில் வாடை அடிக்கும், பயப்படாதே, சத்தமெல்லாம் தூரமாகப் போகும், அப்புறம் உனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தாய் வாளியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நர்சம்மா வேண்டாம்னுதானுங்க சொன்னாங்க. இப்புடீன்னு சொல்லலீங்களே. உங்குளுக்கு எப்புடீங்க இதெல்லாந் தெரியும்?"

"எங்க ஊட்டுப் பூனைக்கு ஒருக்கா ஆப்ரேசன் பண்ணுனாங்க," என்றாள் அம்மா. "அப்பச் சொல்லித் தந்தாங்க."

அதற்குமேல் சொல்லவில்லை. பெண்ணை உள்ளே கொண்டுபோனதும், அந்தத் தாயோடு போய் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். கதவு திறந்து, பெண் தலையைப் புரட்டி முனகியபடி வெளியே வருகிறவரை, நான் எத்தனை தடவை கூப்பிட்டும் என் பக்கம் வரவே இல்லை.